ஆயிரத்து நூறு அடிக்குக் கீழே ஒரு மானியம்

இலவச மின்சாரத்துக்கு மீட்டர் கிடையாது. எங்கள் ஆபீஸில் யாராவது ஒருவர் இந்த ஒரு வரியை முதல் நாளே சொல்லித் தொலைத்திருந்தால், நான் மூன்று மாதம் அன்னூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்க வேண்டியதில்லை. சொல்லவில்லை. அந்த ஏசி அறையில் யாருக்கும் அது தெரியாது.

ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். காந்திபுரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேலே மூன்று அறைகள். ஜன்னலைத் திறந்தால் டவுன் பஸ் ஹாரன், மூடினால் சாரின் சென்ட் வாசனை. கண்ணாடிக் கதவில் மட்டும் 'இன்டர்நேஷனல்' என்று தங்க எழுத்து. பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். உலக வர்த்தகத்தையே நான்தான் நிமிர்த்தப் போகிறேன் என்று நினைப்பு.

வழக்கு இதுதான். ஒரு வெளிநாட்டு அரசு, உங்கள் நூல் இங்கே மலிவாக வந்து எங்கள் மில்களைக் கொல்கிறது என்று விசாரணை தொடங்கியிருந்தது. பருத்தி விவசாயிக்கு நம் அரசாங்கம் கொட்டிக் கொடுக்கிறதாம், அதனால்தான் பருத்தி மலிவாம், நூலும் மலிவாம். கொட்டிக் கொடுத்தது எவ்வளவு என்று கணக்குப் போட்டு, அந்த அளவுக்கு நம் நூல்மேல் வரி போடுவார்கள். இங்கே ஏற்றுமதி செய்யும் மில்காரர்கள் சிலர் சேர்ந்து, அப்படி ஒன்றும் பெரிதாகக் கிடைப்பதில்லை என்று நிரூபித்துத் தரச் சொல்லி எங்கள் சாரைப் பிடித்தார்கள். சார் என்னைப் பிடித்தார்.

கேள்வித்தாள் ஒரு செங்கல் தடிமன் இருந்தது. அதில் ஒரு கேள்வி: பருத்திக்கு இலவசமாகப் பாய்ச்சிய தண்ணீருக்குச் செலவான மின்சாரம் எத்தனை யூனிட்? மீட்டர் அளவுகளின் நகலை இணைக்கவும்.

சில தோட்டங்களில் மீட்டரைத் தேடி அலைந்துவிட்டு வந்து, "மீட்டர் இல்லீங்க சார்" என்றேன்.

"ரிப்பேரா?"

"வெக்கவே இல்லீங்க சார். தோட்டத்துப் பழைய ஃப்ரீ சர்வீஸுக்கு மீட்டரே கெடையாதுங்க."

சார் என்னைப் பார்த்த பார்வையில், மீட்டரைக் கழற்றி விற்றதே நான்தான் என்பதுபோல ஒரு சந்தேகம் இருந்தது. இருபது வருஷமாக விவசாயத்தைப் பற்றி அறிக்கை எழுதுகிறவர் அவர். செருப்பில் மண் பட்டு நான் பார்த்ததில்லை.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மோட்டாரின் குதிரைத் திறன் எத்தனை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை நாள் ஓடியது. மூன்றையும் பெருக்கி, தோட்டத்தில் பருத்திக்கு எவ்வளவு பங்கோ அதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பேப்பரில் பார்க்க அழகாக இருந்தது. நேரில் போனால் ஒரே மோட்டார் தென்னைக்கும் சோளத்துக்கும் மாட்டுத் தொட்டிக்கும் வீட்டு டேங்குக்கும் சேர்த்து ஓடிக்கொண்டிருந்தது. "மாடு குடிச்ச தண்ணியக் கழிச்சுப்போட்டீங்களா அம்மணி? அப்பறம் அமெரிக்காக்காரன் கோவிச்சுக்குவான்" என்றார் ஒரு தோட்டத்துக்காரர். புகார் கொடுத்தது எந்த நாடு என்று அவருக்குத் தெரியாது. எந்த நாடாக இருந்தாலும் அவர் அதையேதான் சொல்லியிருப்பார்.

நாற்பது தோட்டம் போனேன். முப்பத்தொன்பதில் மோட்டார் எத்தனை என்று கேட்டதும் கரண்ட் ஆபீஸ் கார்டை எடுத்து நீட்டினார்கள். அதில் அனுமதித்திருந்தது ஐந்து ஹெச்.பி. அடுத்த தோட்டமும் ஐந்து. ஆயிரம் அடி போர்வெல்லில் இருந்து ஐந்து ஹெச்.பி. தண்ணீர் இறைக்கிறதாம். பம்ப்செட் செய்து ஊர் ஊராக அனுப்பும் கோயமுத்தூரில், என்னிடமே இதைச் சொன்னார்கள். நானும் முகத்தைச் சுளிக்காமல் எழுதிக்கொண்டேன்.

நாற்பதாவது, அன்னூருக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கா. ஐம்பது வயதிருக்கும். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் நான்கு நாள்தான் ஊரில் இருப்பார். மூன்று ஏக்கரில் ஒன்றரை ஏக்கர் பருத்தி, எல்லாம் அவர் ஒருத்தியின் பாடு. கரண்ட் சர்வீஸ் மட்டும் செத்துப்போன மாமனார் பேரில் இருந்தது. 'மானியம் பெறுபவரின் பெயர்' என்ற கட்டத்தில் செத்தவர் பேரைத்தான் எழுதினேன். அக்காவும் கார்டை நீட்டி, "அஞ்சுங்க" என்றார்.

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. பொய் எழுதி எழுதிக் கையும் கடுத்துப் போயிருந்தது.

"ஏனுங்க்கா, ஆயிரத்து நூறு அடியில இருந்து அஞ்சு ஹெச்.பி. என்னத்தைங்க எடுக்கும்? காத்துதான் வரும்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். ஒரு சொம்பு மோரை என் கையில் கொடுத்துவிட்டு, "வெவரமான புள்ளையாட்ட இருக்குது. பதினஞ்சு போட்டிருக்கறனுங்க. அதுக்கே சுண்டுவெரல் மொத்தந்தான் தண்ணி வருது. வெளிய சொல்லிப்போடாதீங்க அம்மணி, லைனை வெட்டிப்போட்டாங்கன்னா மறுக்கா வாங்கறதுக்குள்ள காடு காஞ்சு கருவாடாயிரும்" என்றார்.

"யாருங்க்கா பாக்கப் போறாங்க? சும்மா ஒரு கணக்குக்குத்தானுங்க" என்று சொல்லி, பதினைந்து என்று எழுதினேன். நாற்பது படிவத்தில் உண்மையான எண் அது ஒன்றுதான் என்று எனக்கு அப்படி ஒரு பெருமை. பஸ்ஸில் திரும்பும்போது அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி வரிசைப்படுத்தியபோது அந்த அக்காதான் முதலில் வந்தார். நாற்பது பேரில் அரசாங்கத்திடம் அதிகமாகச் சலுகை அனுபவிக்கும் சீமாட்டி அவர்தான். தண்ணீர் ஆழத்தில் கிடப்பதால் பெரிய மோட்டார். பெரிய மோட்டார் என்பதால் நிறைய யூனிட். விளைந்த காயில் பாதியைப் புழு தின்றுவிட்டதால், மிஞ்சிய பருத்தியில் கிலோவுக்கு இவ்வளவு என்று வகுத்தபோது எண் இன்னும் ஏறிக்கொண்டது. குளத்துக்குக் கீழே, கைக்கெட்டும் தூரத்தில் கிணற்றில் தண்ணீர் வைத்துக்கொண்டு மூட்டை மூட்டையாகப் பருத்தி எடுத்த பண்ணையார் ஒருவர் கடைசியில் இருந்தார். கணக்குப்படி பாவம், அவருக்கு அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை.

சாரிடம் காட்டினேன். "அவரேஜ்ல அடங்கிரும் விடும்மா" என்றார், போனைப் பார்த்துக்கொண்டே. படிவத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

அந்த வெளிநாட்டு அரசின் ஆட்களும் வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். ஒரு மாதத்தில் மெயில் வந்தது. நேரில் சரிபார்க்க அதிகாரிகள் இரண்டு பேர் வருகிறார்கள். பட்டியலில் முதலில் இருக்கும் தோட்டத்தைப் பார்க்க வேண்டும். மோட்டாரைக் காட்ட வேண்டும். மின்சார விவரத்தை உறுதி செய்யக் கரண்ட் ஆபீஸிலிருந்து ஒருவரும் கூட இருக்க வேண்டும்.

அந்தக் கடைசி வரியை நான் மூன்று தடவை படித்தேன்: கார்டில் ஐந்து, படிவத்தில் பதினைந்து, கரண்ட் ஆபீஸ்காரர் பார்த்தால் அக்காவின் லைன் போகும். சாருக்கு அது உறைக்கவில்லை. விருந்தாளிகளுக்கு எந்த ஓட்டலில் ரூம் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் லீவு சொல்லிவிட்டு அன்னூர் பஸ் ஏறினேன். அக்கா பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மடியில் கட்டியிருந்த பருத்தியை அவிழ்த்துக் கொட்டிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஊருக்கே தெரியுமுங்க அம்மணி, எவன் காட்டுல எத்தனை ஓடுதுன்னு. ஆருமே எழுதி வெச்சதில்ல. நீங்க ஒருத்திதான் எழுதியிருக்கறீங்க."

"நெசத்தைத்தானுங்க்கா எழுதினேன்."

"ஏனுங்க, மோர் குடிச்சீங்கல்ல? நெசத்தைக் கேட்டுப்போட்டு மோரைக் குடிச்சுப்போட்டு, கடல் தாண்டிக் கொண்டுபோய்க் குடுத்துப்போட்டீங்க. நல்ல படிப்புங்க."

திட்டும்போதுகூட 'ங்க' விடவில்லை. அதுதான் உறைத்தது. என் அம்மா போல ரெண்டு வார்த்தை கெட்டதாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னிப்புக் கேட்டேன். "செரி, போங்க. வாறவங்க விருந்துக்கு வார ஒறம்பரையாட்ட வரட்டும். பாத்துக்கலாம்" என்று மறுபடி செடிக்குள் குனிந்துகொண்டார்.

மறுநாள் இரண்டு கார். வெள்ளைக்காரர் ஒருவர், அவருடன் ஒரு பெண் அதிகாரி. கரண்ட் ஆபீஸ்காரர் ஒருவர். சார், அன்றைக்கென்று வாங்கிய ஷூவுடன். இரண்டு பக்கமும் மொழிபெயர்க்க நான். பெண் அதிகாரி செடியோரம் நடந்து போனை வைத்தே நிலத்தை அளந்தார். வெள்ளைக்காரர் நேராக மோட்டாரைக் காட்டச் சொன்னார்.

அக்கா போர்வெல்லைக் காட்டினார். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு ஒரு பைப் நீட்டிக்கொண்டிருந்தது.

"மோட்டார் எங்கே?"

"கீழயிங்க" என்று அக்கா பூமியைக் காட்டினார். "ஆயிரத்து நூறு அடியில."

வெள்ளைக்காரர் குனிந்து பைப்பைப் பார்த்தார். சாரும் குனிந்து பார்த்தார். சப்மெர்சிபிள் மோட்டார் தண்ணீருக்குள்தான் இருக்கும் என்பது அந்த நொடிதான் இரண்டு பேர் மண்டையிலும் ஏறியது. வெளியே எடுக்க முடியுமா என்று வெள்ளைக்காரர் கேட்டார். வண்டி வரவழைத்து, பைப் பைப்பாகக் கழற்றி எடுக்க ஒரு நாள் ஆகும், செலவை உங்கள் அரசாங்கம் தருமா என்று அக்கா கேட்கச் சொன்னார். கேட்டேன். அவர் பைப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அப்படியானால் மோட்டாரை ஓடவிடும் ஸ்டார்ட்டர் பெட்டியைக் காட்டுங்கள்."

போன தடவை அந்தப் பெட்டியில் 15 என்று கொட்டை எழுத்தில் இருந்ததை நான் பார்த்திருந்தேன். மோட்டார் ரூமுக்குள் போனோம். எழுத்து இருந்த இடம் முழுக்க அரை அங்குல தடிமனில் சந்தனம். அதன்மேல் குங்குமம், அதன்மேல் செவ்வந்தி மாலை. முன்னால் வாழைப்பழமும் ஊதுபத்தியும். அக்கா கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். நானும் கூப்பினேன். பெண் அதிகாரி உள்ளே வரும் முன் ஷூவைக் கழற்றினார். வெள்ளைக்காரர் பயபக்தியோடு ஒரு போட்டோ எடுத்தார். உலகத்தையே அளக்க வந்தவர்கள், ஒரு விரலால் சந்தனத்தைச் சுரண்டிப் பார்க்கக் கூச்சப்பட்டார்கள்.

வெளியே வந்ததும் வெள்ளைக்காரர் கேட்டார். "மோட்டார் எத்தனை ஹெச்.பி.?"

"அஞ்சுங்க" என்று கார்டை நீட்டினார் அக்கா. கரண்ட் ஆபீஸ்காரர் கார்டை வாங்கித் தன் நோட்டோடு ஒப்பிட்டு, நம்பர் சரிதான் என்றார்.

வெள்ளைக்காரர் என் பக்கம் திரும்பினார். "உன் படிவத்தில் பதினைந்து இருக்கிறதே?"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் புரியாது, ஆனால் என்ன கேட்கிறார் என்று புரிந்திருக்கும். கரண்ட் ஆபீஸ்காரரும் பார்த்தார். என் வாழ்நாளில் நான் எழுதிய ஒரே உண்மையான எண் அது. அதைக் காப்பாற்ற வேண்டுமென்றால், உள்ளே போய் ஒரு துணியால் சந்தனத்தைத் துடைத்தால் போதும்.

"தப்பு என்னுடையது. ஐந்துக்கு முன்னால் ஒரு ஒன்று சேர்ந்துவிட்டது" என்றேன்.

அவர் படிவத்தில் பதினைந்தை அடித்தார். ஐந்து என்று எழுதி, பக்கத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கினார். போட்டேன். அக்கா எல்லோருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்தார். எனக்கு முதலில்.

திரும்பும்போது காரில் சார் துள்ளிக் குதித்தார். மோட்டார் மூன்றில் ஒன்றாகச் சுருங்கினால் மானியமும் மூன்றில் ஒன்றாகச் சுருங்கும். "வொர்ஸ்ட் கேஸே அவுட்டும்மா! க்ளையன்ட் ரொம்ப ஹேப்பி ஆவாங்க" என்றார். திங்கட்கிழமை கூப்பிட்டு, ஃபீல்டு டேட்டாவில் இப்படித் தப்புச் செய்யும் ஆளை வைத்துக்கொண்டால் நிறுவனத்தின் பெயர் என்ன ஆகும் என்று கேட்டு என்னை அனுப்பிவிட்டார். முப்பத்தொன்பது பொய்க்குக் கையெழுத்துப் போட்டவர், ஒரு உண்மைக்காக என்னை வீட்டுக்கு அனுப்பினார். அவருக்கு அது தெரியவும் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. சொன்னால் அக்காவின் லைன் போகும்.

இரண்டு மாதம் கழித்து அக்கா போன் செய்தார். அவரிடம் விட்டுவந்த படிவ நகலின் அடியில் என் நம்பர் இருந்ததாம்.

"கண்ணு, போர் காஞ்சுபோச்சு. மோட்டார மேல எடுத்துப்போட்டோம்."

"அய்யோ, எப்பங்க்கா?"

"அது கெடக்குது உடு. மோட்டார் தகட்டுல பன்னெண்டரைன்னு போட்டிருக்குது. கடைக்காரன் பதினஞ்சுன்னு காசு வாங்கிப்போட்டு, பதினஞ்சுக்கான பொட்டியையும் தலைல கட்டிப்போட்டான். நாந்தான் உன்றகிட்டத் தப்பாச் சொல்லிப்போட்டேன். மனசு கேக்கல. உன்ற கணக்குல திருத்திக்க."

நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த அந்த ஒரு உண்மை. அதற்காக வேலை போனது என்று தோழிகளிடம் பீற்றிக்கொண்டு திரிந்தது. எல்லாம் ஒரு மோட்டார்க் கடைக்காரன் அடித்துவிட்ட பொய்.

"இப்ப அதுல எத்தனைன்னு இருக்குது கண்ணு?"

"அஞ்சுங்க்கா."

அந்தப் பக்கம் அக்கா சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

"ஆயிரத்து நூறு அடியில இருந்து அஞ்சா? காத்துதான் வரும்" என்றார். "இப்ப அதுதான் வருது."