தண்ணீர் கலந்த அமிலம்

சோதனைக்குழாய்க்குள் விரல்நகம் அளவில் ஒரு மக்னீசியத் துண்டு. அதிலிருந்து குமிழிகள் ஒன்றொன்றாகச் சோம்பலாக எழும். துண்டு கரைந்து முடியும்வரை நானும் தோழியும் கன்னத்தில் கைவைத்துக் காத்திருப்போம். ஹட்டனில் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தை நினைத்தால் அந்தக் காத்திருப்புத்தான் முதலில் வருகிறது.

"கங்காணி இல்லாத மலையில கொழுந்தெடுக்குற மாதிரி இருக்குடி. அவசரமே இல்ல பாரு" என்பாள் தோழி.

அவளும் நானும் ஒரே தேயிலைத் தோட்டம், அடுத்தடுத்த லயத்து வீடுகள். இரண்டு குடும்பத்திலும் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆட்கள் நாங்கள்தான். அமிலப் போத்தல் கொழும்பிலிருந்து எப்போதோ ஒரு தடவை வரும். அது தீர்ந்துவிடக்கூடாதென்று விஞ்ஞான மாஸ்டர் தண்ணீர் சேர்த்துக்கொண்டே போவார். செறிந்த அமிலம் என்று அவர் தருவதே கழுநீர் மாதிரித்தான் இருக்கும். நீர்த்த அமிலம் என்று தருவது அதைவிட மோசம். அமிலத்தின் செறிவு கூடினால் தாக்கத்தின் வேகமும் கூடும், துண்டு சீக்கிரம் கரையும் என்ற வரி எங்களுக்கு நல்ல மனப்பாடம். இரண்டு குழாய்க்கும் இருந்த வித்தியாசத்தை மட்டும் மாஸ்டர் சொல்லித்தான் நம்பினோம்.

செய்முறைப் பரீட்சை கண்டியில், ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் நடந்தது. "இதுல தவறினா பேர் பதிஞ்சிருவேன்னு அப்பா சொல்லிட்டாருடி" என்றாள் தோழி, ரயிலில். தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தால் மறுநாளே கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஏற வேண்டியதுதான்.

எங்களை வேறு வேறு மேசையில் நிறுத்தினார்கள். ஆளுக்கு இரண்டு போத்தல் அமிலம். ஒரே நீளத் துண்டு ஒவ்வொன்றிலும் கரைய எவ்வளவு நேரம் எடுக்கிறது, ஏன் என்று எழுத வேண்டும். முதல் போத்தலிலிருந்து ஊற்றித் துண்டைப் போட்டேன். உஸ்ஸென்று நுரைத்து, நான் கடிகாரத்தை நிமிர்ந்து பார்ப்பதற்குள் துண்டைக் காணவில்லை. குழாய் கையில் சுட்டது. எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. வகுப்பில் முதலாவதாக வருகிற நானா பிழை விட்டேன்? இன்னொரு துண்டைப் போட்டேன். அதுவும் அப்படியே போயிற்று. இரண்டாவது போத்தலில் மெதுவாகத்தான் கரைந்தது. இரண்டிலும் கண்டதை அப்படியே எழுதினேன்.

திரும்பும்போது அவள் நல்ல சந்தோஷத்தில் இருந்தாள்.

"ஒனக்கும் பொசுக்குன்னு போச்சா?"

"போச்சு. அப்படியே எழுதிட்டேன்."

"நான் எதையோ கூட்டி ஊத்திட்டேன்னு நெனச்சு பதறிட்டேன்டி. அப்புறம் தண்ணி விட்டு நம்ம பள்ளிக்கூடத்து வேகத்துக்குக் கொண்டாந்துட்டேன். ரெண்டும் ஒண்ணு போலத்தான் கரைஞ்சிச்சு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன்டி அப்படிப் பாக்குற?" என்றாள்.

கேள்வியே அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் என்று, நாவலப்பிட்டி தாண்டியபோது அவளுக்கே விளங்கியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவள் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை.

நான் தேறினேன். அவள் பேர் பதிந்தாள். என்னைக் கெட்டிக்காரி என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் என்னைக் காப்பாற்றியது படிப்பல்ல, திமிர். எதிலாவது பிழையென்றால் அது என்னிடம் இருக்காது என்கிற திமிர். அவளோ, எங்கே பிழை நடந்தாலும் அது தன்மேல்தான் இருக்கும் என்றே வளர்க்கப்பட்டவள்.

இன்று ஹட்டனில் எங்கள் பழைய பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் நான்தான் விஞ்ஞான ஆசிரியை. அமிலம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. வருகிற ஒரு போத்தலில் நானும் தண்ணீர்தான் கலக்கிறேன். போன மாதம் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் அவளைப் பார்த்தேன். கொழுந்தெடுக்கப் போகுமுன் கைக்குழந்தையை ஆயாவிடம் விட வந்திருந்தாள்.

"இப்பவும் தண்ணிதான் கலக்குறீங்களா, டீச்சர்?" என்று கேட்டுச் சிரித்தாள். பழைய 'டி' அவள் வாயில் வரவில்லை. "ஆமா" என்றேன்.

ஆனாலும் ஒவ்வொரு வருடமும் தண்ணீர் படாத அமிலத்தில் கொஞ்சம் ஒளித்து வைக்கிறேன். பரீட்சைக்கு முந்திய வாரம் பிள்ளைகளை மேசையைச் சுற்றி நிறுத்தி, ஒரே ஒரு துண்டைப் போடுகிறேன். உஸ்ஸென்று நுரைத்ததும் பின்னால் துள்ளுகிறார்கள். "டீச்சர், என்னமோ பிழையாப் போச்சு" என்று யாராவது ஒருத்தி கட்டாயம் சொல்வாள்.

"ஒண்ணும் பிழையில்ல. இதுதான் இதோட வேகம்" என்று சொல்லி, சூடு ஆறுவதற்குள் குழாயை அவள் கையில் கொடுக்கிறேன்.