ஜன்னல் கம்பி

சிவகாசியில் கிட்டார் வகுப்பில் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. என்னைவிட மூத்தவர் அங்கே ஒருவர்தான். நாரணாபுரம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். எத்தனை கழுவினாலும் நக இடுக்கில் அலுமினியப் பொடி மினுங்கும். விரல்கள் முதல் பாடத்துக்கே வளைந்து கொடுக்காது.

கிட்டாரைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் ஜன்னல் கம்பியில் உள்ளங்கையை வைத்து அழுத்துவார். ஒருநாள் காரணம் கேட்டேன்.

"மருந்து ரூமுக்குள்ள போறதுக்கு முன்னால வாசல்ல செம்புத் தகட்டைத் தொடணும் தம்பி. ஒடம்புல இருக்க கரண்டு அதுல எறங்கிரும். இல்லன்னா மருந்து பத்திக்கிரும்."

"இது கிட்டார்தான அண்ணாச்சி. இதுக்கு எதுக்குத் தொடுறீக?"

"எம் மகனோட கிட்டாரு. போன சீசன்ல அந்த ரூமு வெடிச்சப்போ உள்ள இருந்தான்."

அன்று அவன் தகட்டைத் தொட மறந்திருப்பான் என்று நினைத்தேன். அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"தொட்டுட்டுத்தான் போனான். நான் பார்த்துக்கிட்டுதான் நின்னேன்" என்றார்.

பிறகு ஜன்னல் கம்பியை அழுத்திவிட்டுக் கிட்டாரை மடியில் வைத்தார்.