எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டவர்

ஜெயசீலன் சாரின் புத்தகத்தை அச்சேறவிடாமல் தடுத்தவர் ‘நீலமின்னல்’ இசைக்குழுவின் தலைவர் ராஜமாணிக்கம். இதைச் சொல்லாமல் எனக்கு அஞ்சலி எழுத வராது.

செய்தி வந்தபோது வகுப்பில் இருந்தேன். பியூன் வாசலில் நின்று, “சார், நம்ம ஹிஸ்டரி சார் போயிட்டாக” என்றார். ஆசிரியர் அறையில் ஜெயசீலன் சார் என் மேசைக்கு எதிர்மேசைக்காரர். மாணவர்களிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தேன்.

அவரை அறிந்த உங்களுக்கு நீலமின்னலையும் தெரியும். எழுபதுகளில் தேனியிலிருந்து கம்பம்வரை திருவிழா மேடைகளில் எலெக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸும் அதிர ராக் வாசித்தவர்கள். வேன் ஊருக்குள் நுழைந்தாலே கூட்டம் பின்னால் ஓடும். அந்தக் குழுவின் வரலாற்றை எழுத சார் டேப் ரிக்கார்டரோடு அலைந்தார். எல்லோரிடமும் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பார்.

சுருளிப்பட்டியில் குழுவின் பாடகர் அதைக் கேட்டுச் சிரித்தார். “என்ன பாட்டுப் பாடுனோம்னு கேளுங்க சார். சோத்தப் போயி கேக்குறீகளே, பசியா?”

“சோறு என்னன்னு கேக்கலப்பா. கச்சேரி முடிஞ்சு எங்கன உக்காந்து சாப்பிட்டீக?”

பாடகர் சிரிப்பை நிறுத்திவிட்டு, டேப்பை அணைக்கச் சொன்னார். திரும்பி வரும்போது சார் என்னிடம் சொன்னார்: “மேடையில எல்லாரும் ஒண்ணாத்தான் நிப்பாக. பந்தியிலதான்யா யாரு யாருன்னு தெரியும்.”

பதில் மார்க்கையன்கோட்டையில் கிடைத்தது. குழுவுக்கு டிரம்ஸ் வாசித்த முத்தையா, ஊருக்கு வெளியே இருக்கும் காலனிக்காரர், வயலில் மடை திறந்துகொண்டிருந்தார். “எனக்கு எல வேனுக்குப் பின்னாடி வந்துரும் சார். ஸ்டெப்னி டயரு மேல உக்காந்து தின்பேன். எல்லா ஊர்லயும் அப்படித்தான்.” பிறகு சாரின் முகத்தைப் பார்த்தார். “எழுதிருங்க. எனக்கு வாசிக்கத் தெரியாது. எம் பேத்தி வாசிச்சுக் காட்டுவா. நான் கண்ண மூடுறதுக்குள்ள அதக் கேட்டுறணும்.”

சார் அதை ஓர் அத்தியாயமாக எழுதினார். அச்சகம் ராஜமாணிக்கத்தின் மைத்துனருடையது. தேனியில் வேறு யாரும் கடனுக்கு அச்சடித்துத் தரமாட்டார்கள். பாதிப் புத்தகத்துக்கு ஈய எழுத்துகளை அச்சுக் கோத்து முடித்த நிலையில் ராஜமாணிக்கம் அச்சகத்துக்கு வந்தார். நாங்கள் இருவரும் அங்கே இருந்தோம்.

“நாங்க யாரையும் ஒதுக்கல சார். அவனா கூச்சப்பட்டு வேனுக்குப் போயிருவான். அந்த ஒரு அத்தியாயத்த எடுத்துருங்க.”

“பாட்ட விட்டுட்டுக்கூட ஒங்க வரலாற எழுதிரலாம் அண்ணாச்சி. இத விட்டுட்டு எழுத முடியாது.”

மறுநாள் கோத்த எழுத்துகளையெல்லாம் பெட்டிக்குள் கலைத்துப் போட்டுவிட்டார்கள். மதுரை, திண்டுக்கல் அச்சகங்களுக்கு எழுதிப்போட்டோம். முன்பணம் கேட்டார்கள். எங்கள் இருவர் சம்பளத்துக்கும் அது எட்டவில்லை. நெஞ்சுவலியோடு படுத்தபிறகும் சார், “முத்தையா வந்தாரா?” என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். முத்தையா வந்துபோனார். கையெழுத்துப் பிரதியை அச்சகம் திருப்பித் தரவில்லை; காட்ட எங்களிடம் ஒரு பக்கமும் இல்லை.

பழனிசெட்டிபட்டியில் இரங்கல் கூட்டத்தை நடத்தியவரும் ராஜமாணிக்கமே. படத்துக்கு மாலை போட்டு, கண்ணைத் துடைத்து, “சாரோட புத்தகத்த என் செலவுல போடுறேன், சின்னத் திருத்தங்களோட” என்றார். கை தட்டினார்கள். நீங்களும்தான் தட்டினீர்கள். முத்தையா செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். முன்வரிசையில் நாற்காலிகள் காலியாக இருந்தன.

சாரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய அந்தக் கேள்வி மட்டுந்தான். எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று ராஜமாணிக்கம் அறிவித்ததும் எழுந்து கேட்டேன்.

“முத்தையா எங்கன உக்காந்து சாப்பிடுவாரு அண்ணாச்சி?”

அவர் மைக்கைப் பார்த்தார். நான் விடவில்லை.

“ஒங்க பக்கத்துல அவருக்கு எல போடச் சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க.”

ராஜமாணிக்கம் படத்தின் மேல் சரிந்திருந்த மாலையை நேராக்கிக்கொண்டிருந்தார்.