மேஸ்திரிக்கு வயிறு கெட்ட தடைக்காலம்

நெருப்பில் வாட்டிய நெத்திலிக் கருவாட்டின் வாசனை கல்மண்டபத்துத் தெருமுனை வரைக்கும் வந்தால், கடலுக்குப் போகத் தடை போட்டு 'லாஞ்சு' என்கிற விசைப்படகுகளெல்லாம் காசிமேட்டில் கட்டிக் கிடக்கின்றன என்று அர்த்தம். லாஞ்சுக்குப் போகும் எங்கள் நைனா அப்போதுதான் பகலெல்லாம் வீட்டில் இருப்பார். துணைக்கு எங்கள் பூனை. தான் ஒரு வேலையும் செய்யாமல் அடுத்தவன் வேலையை மட்டும் உட்கார்ந்து பார்ப்பதால் அதற்கு 'மேஸ்திரி' என்று பெயர்.

பச்சை மீன் இல்லாமல் மேஸ்திரி இளைக்கிறதே என்று நைனா தன் தட்டிலிருந்த கருவாட்டையெல்லாம் அதற்கே போட்டார். அத்தனையும் உப்பு. மறுநாள் அது வாந்தியும் பேதியுமாகக் கட்டிலுக்கடியில் சுருண்டுவிட்டது. ஐந்தாம் வகுப்பையே தாண்டாத நான் திடீர் டாக்டராகி அதன் வாயில் ஓமத் தண்ணீர் ஊற்றப் போனேன்; அது நகத்தால் எனக்கு மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தது.

'மாட்டாஸ்பத்திரி'யில் ஊசி போட்டு, உப்பில்லாத கஞ்சி தவிர எதுவும் கூடாது, நாளைக்குள் வாய் வைக்காவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்றார்கள். மேஸ்திரியோ கஞ்சியை முகர்ந்துவிட்டு, தள்ளாடிக்கொண்டே கருவாட்டுப் பானைக்குப் போனது. நைனா பானையைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

"அது தேறுறவரைக்கும் இந்த வூட்டுல கருவாடு கெடையாது."

"இன்னாய்யா, பூனைக்கு வயிறு கெட்டா நாங்க பத்தியமா?" என்றாள் அம்மா.

கருவாடில்லாமல் ஒரு வாய் சோறு இறங்காத மனிதர், அந்த உப்பில்லாக் கஞ்சியையே தானும் ஊற்றிக்கொண்டு அதன் எதிரில் தரையில் உட்கார்ந்தார். "நானே குடிச்சிகினு கீறேன். நீ இன்னா பெரிய தொரையா?"

சாயங்காலம் வரை நைனா எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவர் விரலில் ஒட்டியிருந்ததை மேஸ்திரி ஒருதரம் நக்கியது. நைனா மூச்சுகூட விடவில்லை. மறுபடியும் நக்கியது.

"எனக்கு ஜொரம் வந்தப்போ இந்தாளு இப்டி ஒக்காந்தாரா, கேளுடா" என்றபடி அம்மா தன் தட்டிலும் கஞ்சியை ஊற்றிக்கொண்டாள்.

நைனா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது திருவொற்றியூரில் என் மகள் வளர்க்கிற பூனைக்குப் பாக்கெட் தீனி. வயிறு கெட்டால் அதற்கென்றே தனி டப்பா. போன வாரம் அது எதையும் தொடாமல் கிடந்தபோது, "யாராவது கூடவே இருந்து ஊட்டுங்க" என்றார் டாக்டர். மகளுக்குப் பள்ளிக்கூடம், வீட்டுக்காரிக்குக் கம்பெனி, எனக்கு மணலியில் டேங்கர் லாரி. மறுநாள் காலையில் கதவைப் பூட்டாமல், கையில் சாவியோடு மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.