வெடித்த கரிசலில் ஒரு விண்மீன் மண்டலம்

பட்டைச் சுருள் விண்மீன் மண்டலம் ஒன்றின் புதிய படத்தைப் பேத்தி அண்மையில் கைப்பேசியில் காட்டினாள். நடுவே விண்மீன்களாலான நீண்ட பட்டை. அதன் இரு முனைகளிலிருந்தும் வளைந்து விரியும் கரங்கள். அங்கிருந்து ஒளி நம்மை வந்தடையப் பல கோடி ஆண்டுகள் ஆகுமாம். அப்படியொன்றை நான் எட்டாம் வகுப்பிலேயே செய்து முடித்துவிட்டேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

கோவில்பட்டியில் பள்ளிகளுக்கிடையே அறிவியல் கண்காட்சி. வகுப்பில் முதலிடம் எப்போதும் எனக்கே என்பதால், பரிசும் எனக்கே என்று வீட்டார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தனர். சித்தப்பா ஒரு பலகையில் கரிசல் மண்ணைக் குழைத்துப் பூசினார். வெடிக்காதிருக்க மணல் கலக்க முனைந்தவரை நான் தடுத்தேன். வானம் கறுப்பாகவே இருக்க வேண்டும். பட்டைக்காகப் பனைமட்டையிலிருந்து கிழித்த சிம்பு ஒன்றை நடுவில் பதித்து, மஞ்சள் தோய்த்த பஞ்சை அதன்மேல் ஒட்டினேன். அங்கே மூத்த விண்மீன்கள் மிகுதி. கரங்களில் புதியவை பிறப்பதால் அவற்றுக்குச் சலவை நீலம் தோய்த்த பஞ்சு.

கண்காட்சியன்று காலையில் பார்த்தால், சிம்பின் இருபுறமும் மண் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. அழுதேன்.

"அழாத ஏட்டி. மண்ணுன்னா வெடிக்கத்தான் செய்யும். நீ வாயத் தொறக்காம வா, நான் பாத்துக்கிடுதேன்," என்றார் சித்தப்பா.

நடுவராக வந்தவர் கல்லூரி இயற்பியல் பேராசிரியர், பக்கத்துக் கரிசல் ஊரான பசுவந்தனைக்காரர். குனிந்து பார்த்தார்.

"இது என்ன தாயீ, ரெண்டு பிளவு?"

சித்தப்பா முந்திக்கொண்டார். "தூசி சார். பட்டை ஓரத்துல கருந்தூசி ஓடுதுல்லா, அதத்தான் காட்டியிருக்கா."

சித்தப்பா பருத்தி வியாபாரி; மழைக்காக அன்றி வானத்தை ஏறிட்டும் பார்க்காதவர். கரிசலில் பிறந்தவருக்கு அவசரத்தில் தூசியைத் தவிர வேறென்ன வாயில் வரும்?

பேராசிரியர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "சரியாத்தான் காட்டியிருக்கிய. நல்ல வெயில்ல காய வச்சியளோ?" என்று சிரித்தார்.

முதல் பரிசு எனக்குத்தான். திரும்பும் பேருந்தில் கோப்பையைச் சித்தப்பாவின் மடியில் வைத்தேன்.

"பொய் சொல்லி வாங்குன பரிசு எனக்கு வேண்டாம்."

"எனக்கு எதுக்குட்டி? எட்டாம் வகுப்புலயே ரெண்டு தடவ தோத்தவன் கையில இதப் பாத்தா ஊரு சிரிக்காதா?"

வீட்டில் அக்கோப்பையை நெடுநாள் சுவர்ப்பக்கம் திருப்பியே வைத்திருந்தேன்.

கல்லூரியில் சேர்ந்த பிறகுதான், பட்டையின் விளிம்பையொட்டி மெய்யாகவே கருந்தூசிக் கோடுகள் ஓடுவதும், அவ்வழியே வாயு மையத்தை நோக்கி இறங்குவதும் பாடமாக வந்தன. பேராசிரியரின் அந்தச் சிரிப்பும் அன்றுதான் விளங்கியது. சித்தப்பா சொன்னது பொய் என்பதும், அந்தப் பொய் உண்மை என்பதும் அவருக்கு ஒருசேரத் தெரிந்திருந்தன. எனக்கோ முதலாவது மட்டுமே தெரிந்திருந்தது.