பொட்டு வைத்த இரண்டு போல்ட்டுகள்

எங்கள் அத்தானுக்குப் பயம் பசி மாதிரி, வேளைக்கு வேளை வந்துவிடும். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவார். லிஃப்ட்டில் ஏற மாட்டார், ஐந்து மாடியானாலும் மூச்சு வாங்க நடந்துதான் வருவார். இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த மனைவி, அதாவது என் அக்கா, ஞாயிற்றுக்கிழமையானால் ஹெலிகாப்டர் ஓட்டப் போகிறாள்.

நிஜ ஹெலிகாப்டர் இல்லை, ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தரையில் நின்று ஓட்டுகிற மாடல் ஹெலிகாப்டர். அதற்காக விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு நாலு வயதுக் குழந்தையைப் படுக்க வைத்த நீளம் இருக்கும். தலையில் இரண்டு இறக்கைகள், ஒவ்வொன்றும் என் தோளிலிருந்து மணிக்கட்டு வரை வரும். நிமிஷத்துக்கு இரண்டாயிரம் சுற்று. ஒருமுறை வேறு ஒருவருடைய ஹெலிகாப்டரில் ஓர் இறக்கை கழன்று போனது. அது தண்ணீர் டிரம்மின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்து நின்றதை அத்தான் தன் கண்ணால் பார்த்தார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

அக்காவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஊசி குத்தியதே தெரியவில்லை என்று வருகிறவர்கள் சொல்வார்கள், அப்படி ஒரு நிதானமான கை. அவளோடு வேலை பார்த்த ஒருவர் ஒரு நாள் தன் ரிமோட்டைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். அத்தான் சொல்லிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், ஒரு வாரம் பேசாமல் இருந்தும் பார்த்தார். எதுவும் எடுபடவில்லை. நிறுத்த முடியாது என்று தெரிந்ததும், சரி, பூட்டுகிற வேலையை யாரிடமும் கொடுக்காமல் நானே செய்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தெரிந்து பயத்தாலேயே மெக்கானிக் ஆன ஒரே ஆள் அவர்தான்.

அவர் கை அதற்கு ஏற்ற கை. மூக்குக் கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருஷமாக லென்ஸ் தேய்க்கிறார். தலைமுடி கனத்தைக்கூட அளந்து சொல்லிவிடுவார். படுக்கை அறை ஜன்னலோரம் ஒரு மேஜை, அதில் விளக்கு, பூதக்கண்ணாடி, கடையிலிருந்து கொண்டுவந்த பழைய அளவுமானி. அவர் பூட்டித் தராமல் அக்கா எதையும் மேலே ஏற்ற மாட்டாள்.

வீட்டில் இரண்டு ஹெலிகாப்டர்கள் இருந்தன. ஒன்று பெயர் போன கம்பெனியுடையது. அதற்கு அக்கா வைத்த பெயர் மாப்பிள்ளை. இன்னொன்று அதைப் பார்த்து அப்படியே செய்த மலிவு நகல், பெயர் எடுபிடி. மாப்பிள்ளை விலைக்கு எடுபிடி மூன்று வாங்கலாம். ஆனால் விஷயம் வாங்குகிற விலையில் இல்லை என்று அத்தான் ஒரு வருஷம் ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார். மாப்பிள்ளை விழுந்தால் மூன்று சாமான்தான் உடையும். ஆனால் ஒவ்வொன்றும் யானை விலை, குதிரை விலை. வாலில் இருக்கும் சுண்டைக்காய் அளவு பல்சக்கரம் ஒன்றுக்கு ஒரு மாதக் கரண்ட் பில் போய்விடும். எடுபிடி விழுந்தால் பதினோரு சாமான் உடையும். அத்தனையும் ஒரே பொட்டலத்தில் அடிமாட்டு விலைக்கு வரும், வந்து இரண்டாவது வாரமே மறுபடியும் உடையும். ‘கம்பெனிக்காரன் ஹெலிகாப்டர விக்கலம்மா, விழுந்தப்புறம் நாம வாங்கப்போற சாமானத்தான் விக்கிறான்’ என்று என்னிடம் புலம்புவார். இரண்டும் ஒரே அளவுதான் கையைக் கடிக்கிறது என்பது அவர் முடிவு.

அந்த வருஷம் மாப்பிள்ளை தரையில் கொஞ்சம் வேகமாக உட்கார்ந்து தலைக்குள் இருக்கும் கம்பி வளைந்துவிட்டது. அந்தக் கம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சுண்டுவிரல் கனம்கூட இல்லாத எஃகுக் கம்பி அது. இரண்டு இறக்கைகளையும் அதுதான் தாங்குகிறது. கம்பியின் இரண்டு முனையிலும் முனைக்கொரு போல்ட்டு. போல்ட்டு கழன்றால் இறக்கை போச்சு. அதிர்வில் கழன்றுவிடாமல் இருக்க மரையில் நீல நிறப் பசை ஒரு சொட்டு விட்டுத்தான் முடுக்க வேண்டும். அப்படிப் பசை போட்டு முடுக்கியதும் அத்தான் அக்காவின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து போல்ட்டின் தலையில் ஒரு பொட்டு வைப்பார். பொட்டு இருந்தால் பசை போட்டாயிற்று என்று அர்த்தம். அக்கா ஒவ்வொரு முறையும் ஏற்றுவதற்கு முன் பொட்டுகளைப் பார்ப்பாள். பொட்டு இல்லாத போல்ட்டோடு அவள் ஏற்றியதே கிடையாது. போல்ட்டைக் கழற்றினால் உடனே பழைய பொட்டைத் துடைத்துவிட வேண்டும் என்பதும் அவர் போட்ட விதிதான்.

கம்பெனிக் கம்பி போல்ட்டோடு சேர்த்துத்தான் கிடைக்கும், ஒரு நல்ல ஜோடி செருப்பு விலை. எடுபிடிக்கு வருகிற கம்பி அதில் கால் பங்கு. அத்தான் இரண்டையும் அளவுமானியில் வைத்துப் பார்த்தார், மயிரிழை வித்தியாசம் இல்லை. இரண்டு ஹெலிகாப்டரிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார், கச்சிதமாக உட்கார்ந்தது. மலிவுக் கம்பியோடு வந்த போல்ட்டு மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை, முடுக்குகிற சாவியை வைத்துத் திருப்பினால் தலை மழுங்கியது. அதனால் கம்பி மலிவு, போல்ட்டு மாப்பிள்ளையுடைய பழைய போல்ட்டு என்று முடிவு செய்து பூட்டினார். சாமர்த்தியமாகத்தான் செய்தோம் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கூடப் பறக்க விடுகிற பிளம்பரின் வண்டியில் எட்டு மணிக்கே கிளம்பிப் போய்விட்டாள். நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பத்து மணி வரை ஆள் இல்லை என்பதால் ஸ்கூல் காரிலேயே அவர்கள் வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போயிருந்தேன். அத்தான் மேஜையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். திடீரென்று சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். கையில் பசைக் குப்பியை வைத்துக்கொண்டு பேயறைந்த மாதிரி நின்றார். பழைய குப்பி காய்ந்துபோனதால் புதிதாக வாங்கியிருந்த குப்பி அது.

“பிரிக்கவே இல்ல,” என்றார்.

மூடியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தபோது பசை இல்லாமல் முடுக்கியவர், கடைசியில் கழற்றிப் பசை போடலாம் என்று வைத்திருந்திருக்கிறார். பழைய போல்ட்டில் பழைய பொட்டு இருந்தது. அதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று அவரே நினைத்துவிட்டார். அக்காவும் அதே பொட்டைப் பார்த்துத்தான் ஏற்றப்போகிறாள். இதை அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் என் போனைக் கையில் எடுத்திருந்தேன்.

அக்காவுக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மைதானத்துக்குள் நுழைந்ததும் எல்லாருடைய போனையும் சத்தத்தை அணைத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிட வேண்டும், ஓட்டுகிறவர் கவனம் சிதறக் கூடாது. அந்த விதியைப் பேசிப் பேசிக் கொண்டுவந்தவர் எங்கள் அத்தானேதான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் திட்டவும் வாய் வரவில்லை.

காரை எடுத்தேன். மைதானம் ஊருக்கு வெளியே, பழைய செங்கல் சூளைக்குப் பக்கத்தில், இருபது நிமிஷம். டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும், கற்றுக்கொடுக்கிறவர் அவசரத்துக்கு மிதிக்க. அன்றைக்கு அந்த சீட்டில் அத்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் பயத்தில் காலை ஊன்றினார், ஒவ்வொரு முறையும் கார் முக்கி முனகி நின்றது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துக் காதைப் பிளந்தான். மூன்றாவது முறை நான் கத்திவிட்டேன்.

“கால மேல தூக்கி வைங்க அத்தான். நீங்களே அவளக் கொன்னுடுவீங்க போல.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் இரண்டு காலையும் சீட்டின் மேல் மடித்து வைத்துக்கொண்டு முழங்காலைக் கட்டிக்கொண்டார். போல்ட்டு ஒரு ஓட்டம் தாங்குமா, அரை ஓட்டமா என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அக்கா முகத்துக்கு நேரே, பத்தடி தூரத்தில்தான் அதை முதலில் தூக்குவாள். அந்த டிரம் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

சூளைப் புகைக்கூண்டு தெரிந்தபோதே இறக்கை சுற்றுகிற சத்தமும் கேட்டது. ஏற்றிவிட்டாள்.

மைதானத்தில் வேடிக்கை பார்க்கிறவர்கள் நிற்க ஒரு கம்பி வலை இருக்கிறது. வலைக்கு அந்தப் பக்கம் ஓட்டுகிறவர் மட்டும்தான் நிற்பார். அத்தான் இத்தனை வருஷத்தில் இறக்கை சுற்றும்போது ஒருநாள்கூட வலையைத் தாண்டியதில்லை. மற்றவர்கள் கேலி செய்தாலும் பிளம்பரின் முதுகுக்குப் பின்னால்தான் நிற்பார். அன்று நான் காரை நிறுத்துவதற்குள் இறங்கி ஓடினார். வலைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். அக்கா முப்பதடி தள்ளி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் தலை உயரத்தில் மாப்பிள்ளை ஆடாமல் அசையாமல் நின்றது. கத்த முடியாது. கத்தினால் அவள் திடுக்கிடுவாள், விரல் இம்மி அசைந்தாலும் அது அவள் மேலேயே வந்துவிடும்.

அத்தான் வலைக்கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். ஓடவில்லை, நடந்தார். பேன்ட் நடுங்குவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. பிளம்பர் என்னவென்று கேட்டார், நான் வலையை இறுகப் பிடித்துக்கொண்டு அத்தானையே பார்த்தேன்.

அங்கே என்ன பேசினார்கள் என்பதை அக்கா பிறகுதான் சொன்னாள். பக்கத்தில் வந்து, தூங்குகிற குழந்தையிடம் பேசுகிற குரலில் பேசினாராம்.

“நான்தான். திரும்பாத. தலையில பசை போடல.”

அவள் விரல் அசையவில்லை. இறக்கிவிடட்டுமா என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.

“இங்க கொண்டு வராத. தூரமாக் கொண்டு போய்ப் போட்டுடு.”

“முழுசாவா?”

“முழுசாப் போடு.”

கால் பங்கு விலைக் கம்பிக்காக ஒரு வாரம் அளந்து பார்த்த மனிதர் சொன்னது இது. அக்கா அதை மெதுவாகத் திருப்பி, சூளைப் பள்ளங்களைத் தாண்டி, ஆள் நடமாட்டமே இல்லாத புதர்ப் பக்கம் கொண்டுபோனாள். அத்தான் நகரவில்லை, அவள் தோளோடு தோளாக நின்றார். அது ஒரு குருவி அளவுக்குச் சிறுத்ததும் மோட்டாரை அணைத்தாள். சத்தம் நின்றது. மறு நொடி ஓர் இறக்கை தனியாகப் பிரிந்து வெயிலில் பளிச்சிட்டுக்கொண்டு எங்கோ போனது. மிச்சம் தலைகுப்புறப் புரண்டு விழுந்தது. விழுந்த சத்தம் கொஞ்சம் கழித்துத்தான் வந்தது.

அத்தான் நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அக்கா ரிமோட்டைக் கழுத்திலிருந்து கழற்றப் பார்த்தாள், வாரின் கொக்கியில் விரல் நிற்கவில்லை. அந்தக் கை நடுங்கி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். நான்தான் போய்க் கழற்றிவிட்டேன்.

“பொட்டு இருந்துச்சே,” என்றாள் அவரைப் பார்த்து. “நான் பாத்துட்டுத்தான ஏத்துனேன்.”

அவர் எதையும் மறைக்கவில்லை. மலிவுக் கம்பி, பழைய போல்ட்டு, துடைக்காத பொட்டு, பிரிக்காத குப்பி, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். சொல்லிவிட்டு அழுதார்.

அதன்பிறகு இரண்டு மாதம் அவள் மைதானம் பக்கமே போகவில்லை. விட்டுவிட்டாள் என்று நான் நினைத்தேன். அத்தானும் அப்படித்தான் நினைத்தார், ஆனால் அதில் அவருக்குச் சந்தோஷம் இருந்த மாதிரி தெரியவில்லை. கடைக்குப் போனார், வந்தார், ஜன்னல் மேஜையைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். ஒரு நாள் சாயங்காலம் நான் அங்கே இருந்தபோதே அக்கா எடுபிடியைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தத் துணியின் மேலேயே வைத்தாள். தலையைப் பிரித்துப் புதிதாகப் பூட்டித் தரச் சொன்னாள்.

அத்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தன்னால் முடியாது, பிளம்பரிடமோ வேறு யாரிடமோ கொடு என்றார்.

“வேற யார் பூட்டினாலும் எனக்குப் பயமா இருக்கும்,” என்றாள் அக்கா. அவள் வாயிலிருந்து பயம் என்ற வார்த்தையை நான் கேட்டதே இல்லை. “ஆனா ஒண்ணு. இனிமே நீங்க வலைக்குப் பின்னாடி நிக்கக் கூடாது. நான் ஓட்டும்போதெல்லாம் என் பக்கத்துல வந்து நிக்கணும்.”

அத்தான் மேஜை விளக்கைப் போட்டார்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வலையைத் தாண்டிப் போகிறார்கள். இறக்கை சுற்ற ஆரம்பித்ததும் அத்தான் முகத்தில் ரத்தம் இருக்காது. போன வாரம் அக்காவைத் தனியாகப் பிடித்து, அவருக்குப் பயம் கொஞ்சமாவது தெளிந்திருக்கிறதா என்று கேட்டேன்.

“எங்க தெளிஞ்சுது? என் சட்டைய முதுகுப் பக்கம் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறார். அவர் நடுங்குறது எனக்கு நல்லாவே தெரியும்,” என்றாள். “நான் விடச் சொல்லல.”