இரண்டு வயதுக்குக் கீழே

எங்கள் வீட்டில் இரட்டைப் பெண்கள் பிறந்தபோது தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளார்க் ஒரு பிறப்பைத்தான் பதிவுக்கு அனுப்பினார். ஒரே தேதி, ஒரே தாய் தகப்பன், ஒரே லயத்து வீடு என்று இரண்டு துண்டுகள் மேசைக்கு வந்ததும், யாரோ தெரியாமல் இரண்டு முறை எழுதிவிட்டார்கள் என்று நினைத்து ஒன்றைக் கிழித்துப் போட்டாராம். அவர் கவனமான மனிதர் என்று தோட்டத்தில் பெயர்.

அதனால் வெகுநாள் எங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பத்து நிமிடம் முந்தியவளைப் பெரிய பாப்பா என்றும் பிந்தியவளைச் சின்னப் பாப்பா என்றும் கூப்பிட்டோம். பெரிய பாப்பா எதற்கும் அழுவாள். சின்னப் பாப்பா அழவே மாட்டாள். படியில் விழுந்தால்கூட யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு எழுந்து நடப்பாள். எனக்கு எட்டு வயது. அப்பாவும் அம்மாவும் விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய் அங்கிருந்து மலைக்குப் போய்விடுவார்கள். ஒருத்தியை இடுப்பிலும் ஒருத்தியைக் கையிலுமாகப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் கொண்டுபோய் விடுவது என் வேலை.

இலங்கையில் நிவித்திகலைக்கு மேலே இருந்தது எங்கள் தோட்டம். எழுபதுகளின் முன்பாதி. பாண் ரொட்டிக்கு மைல் கணக்கில் நடந்துபோய் வரிசையில் நின்ற காலம். இரண்டு அரசாங்கங்களின் ஒப்பந்தப்படி லயத்துக்கு லயம் ஆட்கள் பெட்டி கட்டி இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு, எங்கள் பேச்சில் நத்தாருக்கு, இரண்டு வாரம் இருக்கும்போது எங்களுக்கும் பாஸ்போர்ட் வந்தது.

விளக்கு வைத்த நேரத்தில் அப்பா அதைப் பிரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் சாக்குப் படுதாவுக்கு இந்தப் பக்கம் பாப்பாக்களைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தேன்.

“பெரியவ பேருதான் இதுல இருக்கு” என்றார் அப்பா.

“அப்ப சின்னவ?” என்றாள் அம்மா.

“பேரு இல்லாத புள்ளைய கப்பல்ல ஏத்த மாட்டாங்களாம்.”

அப்பா தொடர்ந்து பேசினார். இரத்தினபுரி அரசாங்கக் கச்சேரியில் கேட்டுவிட்டாராம். பிந்திய பதிவுக்கு ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகலாம். எங்களுக்குக் கொடுத்த தவணையோ மாசி மாதத்தோடு முடிகிறது. அதற்குமேல் இருந்தால் போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகும். இதையெல்லாம் அவர் மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு நன்றாகக் கேட்டது. பெயர் இல்லாத பிள்ளை. என் முழங்கையில் தலையை வைத்துச் சின்னப் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை அசைக்காமல் அப்படியே கிடந்தேன். கை மரத்துப்போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் உபதேசியார் நத்தார் கதை சொன்னார். எங்கள் தோட்டத்தில் வேதக்காரக் குடும்பங்கள் பதினொன்றுதான். சாமியார் மாதம் ஒருமுறை வருவார், மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் எல்லாம். அவர் நன்றாகக் கதை சொல்லுவார். எல்லாரும் சொந்த ஊருக்குப் போய்ப் பேர் எழுதிக்கொள்ள வேண்டும் என்று ராசா கட்டளை போட்டதையும், சூசையப்பரும் மாதாவும் அதற்காகப் புறப்பட்டுப் போனதையும் சொன்னார். பிறகு ஏரோது ராசாவின் ஆட்கள் பிள்ளைகளைக் கொல்ல வாளோடு வந்ததைச் சொன்னார். நான் எழுந்து நின்று, எத்தனை வயதுப் பிள்ளைகளைத் தேடி வந்தார்கள் என்று கேட்டேன்.

“ரெண்டு வயசும் அதுக்குக் கீழயும்” என்றார்.

பாப்பாக்களுக்கு ஒரு வருடமும் பத்து மாதமும் ஆகியிருந்தது. பேர் எழுதின பிறகுதானே அவர்கள் வந்தார்கள் என்று மறுபடி கேட்டேன். ஆமாம் என்றார். என் கவனத்தை மெச்சி மாதா படம் ஒன்றும் கொடுத்தார்.

பேர் எழுதுகிறார்கள், எங்கோ போகச் சொல்கிறார்கள், பெயர் இல்லாத ஒரு பிள்ளை இருக்கிறது, அதற்கு வயது இரண்டுக்குள். ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். எல்லாம் பொருந்தின. இதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் அழுவாள் என்று தோன்றியது. அன்றிலிருந்து தோட்டத்துக்குள் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் பாதை தெரிகிற இடத்தில் போய் நின்று பார்ப்பேன். மாட்டு வண்டியாக இருக்கும், அல்லது கொழுந்து லொறியாக இருக்கும்.

நத்தாருக்கு மூன்று நாள் முன்பு சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை. நிவித்திகலை பசாரில் சித்தப்பா தையல் கடை வைத்திருந்தார். அவர்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. பிள்ளை மட்டும் இல்லை. கோதுமை மா தட்டுப்பாடான அந்த நாளிலும் எப்படியோ ரவை தேடிக் கேக் போட்டு எடுத்து வந்திருந்தாள். பாப்பாக்களுக்கு ஒரே துணியில் இரண்டு சட்டை. வந்த நேரத்திலிருந்து சின்னப் பாப்பா அவள் மடியில்தான். இவள் எதை விரும்பிச் சாப்பிடுவாள், ராத்திரியில் முழித்தால் என்ன செய்வீங்க, இருட்டுக்குப் பயப்படுவாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அம்மா அரிசி களைந்தபடியே பதில் சொன்னாள். அடுப்படியில் அவர்கள் இருவரும் தாழ்ந்த குரலில் பேசுவதும், சித்தி எதையோ கேட்பதும், அம்மா முடியாது என்று தலையை ஆட்டுவதும் மூன்று நாளும் நடந்தது. எங்கள் வீட்டுப் பித்தளைக் குடத்தைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். கப்பலில் கொண்டுபோக முடியாத குடத்தைக் கொடுத்தால்தான் என்ன என்று அம்மாமேல் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

நத்தாருக்கு முதல் நாள் பகல். மலையில் வேலை இருந்தது. சித்தி பலகாரத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தாள். பாப்பாக்கள் பிள்ளைக் காம்பராவில். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் நானும் அங்கேயே இருந்தேன். சின்னப் பாப்பா சட்டையை அசிங்கம் செய்துவிட்டாள் என்று ஆயா என்னைத் தண்ணீர்ப் பீலிக்கு அனுப்பினாள். கழுவிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஏறி வரும்போது பிள்ளைக் காம்பராவின் முன்னால் ஒரு ஜீப் நின்றது.

வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இறங்கி, பெரிய புத்தகம் ஒன்றை வாசற்படியில் விரித்தார். கூட வந்த பெண் கையில் ஒரு பெட்டி. அவர் ஆயாவைப் பார்த்து, “அவுருது தெகட்ட அடு லமயி ஒக்கோம கேன்ன” என்றார். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் எல்லாரையும் கொண்டுவரச் சொன்னார். ஆயா ஒவ்வொரு பெயராகச் சொல்ல, அவர் எழுதினார். பிறகு பெட்டியோடு அந்தப் பெண் உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. உள்ளே ஒரு பிள்ளை வீறிட்டது. அது அடங்குவதற்குள் இன்னொன்று. அதற்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில்.

பெரிய பாப்பா உள்ளே இருந்தாள். அவள் குரலும் கேட்டது. ஒரு அடி முன்னால் வைத்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவளுக்குப் பெயர் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் இருக்கிறது, அவளை விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெயர் இல்லாதவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்கி ஓடினேன்.

தோட்டத்து ரோட்டுக்கு அடியில் வடிகால் கானின் தண்ணீர் போவதற்கு ஒரு மதகு இருந்தது. அப்போது அதில் தண்ணீர் இல்லை, மணல்தான். உள்ளே போய் நடுவில் உட்கார்ந்தேன். சின்னப் பாப்பாவுக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. மணலை அள்ளி என் மடியில் கொட்டினாள். பாவாடையில் முடிந்து வைத்திருந்த கேக் துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துக் கொடுத்தேன். தலைக்கு மேலே யாரோ நடந்து போனபோது அவள் வாயைப் பொத்தினேன். அவள் என் கைக்குள் சிரித்தாள்.

மழை எப்போது பிடித்தது என்று தெரியவில்லை. சபரகமுவப் பக்கத்து மழைக்கு அறிவிப்புக் கிடையாது. முதலில் மணல் நனைந்தது. பிறகு மேல் கானிலிருந்து செந்தண்ணீர் கணுக்கால் அளவு வந்தது. எழுந்து நிற்பதற்குள் முழங்காலுக்கு வந்துவிட்டது. நுழைந்த பக்கம் தண்ணீர் பாய்ந்து வருகிறது. கீழ்ப்பக்கம் மதகு முடியும் இடத்தில் பெரிய பள்ளம். நான் சுவரில் முதுகைச் சாய்த்து, அவளைத் தோளில் ஏற்றிப் பிடித்தபடி நின்றேன். அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினேன். பாதிக்குமேல் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

கத்தியிருந்தால் யாராவது வந்திருப்பார்கள். அது எனக்குத் தெரியும். கத்தினால் அவர்களும் வருவார்கள். தண்ணீர் தொடையைத் தொட்டது. பாசியில் கால் வழுக்கியது. கத்தக் கூடாது என்றே நின்றேன்.

அழுதது சின்னப் பாப்பாதான். பிறந்த அன்றைக்குப் பிறகு அவள் அப்படி அழுது நான் கேட்டதில்லை. அந்த மதகுக்குள் அந்த அழுகை பெரிதாகச் சுற்றி வந்தது. நான் அவள் வாயைப் பொத்தப் போனேன். ஆனால் பொத்தக் கை இல்லை.

வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு யாரோ உள்ளே வந்தார்கள். கையில் வாள் இருக்கிறதா என்று பார்த்தேன். சித்தி. சேலையோடு முழங்காலளவு தண்ணீரில் நின்று, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுகையை நீட்டினாள். பாப்பாவை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, என்னை முந்தானையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். எப்படி ஏறினோம் என்பது நினைவில்லை. ரோட்டில் உட்கார்ந்த பிறகுதான் அவள் பேசினாள்.

“ஏன்டி கத்தல? கத்தியிருக்கலாமே.”

“எழுதுறவங்க போயிட்டாங்களா சித்தி?”

ஊசிக்குப் பயந்து ஓடிவிட்டேன் என்று அவள் எடுத்துக்கொண்டாள். எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். அம்மைக்கோ எதற்கோ அன்று ஊசி போட வந்திருந்தார்களாம். பெரிய பாப்பா வீங்கிய கையோடு ஆயாவின் மடியில் விசும்பிக்கொண்டிருந்தாள். அவள் உயிரோடிருப்பதைப் பார்த்ததும், நான் கணக்குப் போட்டது சரிதான் என்று நினைத்தேன்.

அம்மா முதுகுக் கூடையோடு மலையிலிருந்து ஓடி வந்தாள். என்னை ஓங்கி ஒன்று அறைந்தாள். பிறகு சித்தியின் பக்கம் திரும்பி நின்றாள். சித்தி ஈரச் சேலைக்குள் பாப்பாவைச் சுற்றி வைத்திருந்தாள். பாப்பா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். அம்மா கையை நீட்டவில்லை. நீட்டுவாள் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து முன்பக்க இஸ்தோப்பில் தலை துவட்டும்போதுதான் அம்மா சொன்னாள். “பெத்தது நான்தான். இன்னைக்கு எடுத்துக் குடுத்தது நீ. பதிவுக் கடுதாசி வர்ற வரைக்கும் நீயே வச்சுக்க.”

சித்தி அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பா கொட்டும் மழையில் வெளியே போனார்.

மறுநாள் நத்தார். பாப்பாக்கள் புதுச் சட்டையோடு குடிலின் முன்னால் நின்று, குழந்தை யேசுவின் பக்கத்தில் படுத்திருந்த மண் மாட்டை எடுக்கப் போனார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

அதற்கடுத்த நாள் காலையில் சித்தியும் சித்தப்பாவும் சின்னப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். துணி மூட்டையைச் சந்திவரை நான்தான் சுமந்து போனேன். வழியில் வண்டிச் சத்தம் கேட்டபோது அன்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஏரோதின் ஆட்கள் லயம் லயமாகத் தேடட்டும், அவள் பசாரில் தையல் கடைக்குள் இருப்பாள். பஸ் வருவதற்குள் சித்தியைக் குனியச் சொல்லி, யார் கேட்டாலும் இவளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது என்று சொல்லுங்கள் என்றேன். சித்தி என் தலையில் கை வைத்து, அப்படியே சொல்வதாகச் சத்தியம் செய்தாள். நான் பாப்பாவுக்குக் கை காட்டினேன். அவளும் காட்டினாள்.

மாசியில் நாங்கள் மூன்று பெண்களுமாகக் கப்பல் ஏறினோம், அம்மா, பெரிய பாப்பா, நான். கூட அப்பா. கடுதாசி மூன்று வருடம் கழித்துக் கோத்தகிரிக்கு வந்தது. அதோடு சித்தி ஒரு படமும் அனுப்பியிருந்தாள். அந்தப் படத்திலிருந்த பிள்ளை அவளை அம்மா என்று கூப்பிடத் தொடங்கி வெகுகாலமாகியிருந்தது. அம்மா இரண்டையும் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அதைப் பற்றி அப்பா ஒருமுறை கேட்டார். அதற்குமேல் கேட்கவில்லை.

ஆனால் பஸ் போன அந்தக் காலையில் இதெல்லாம் எனக்கு என்ன தெரியும். இனிப் பயமில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு முன்னால் நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த கேக்கை எடுத்துத் தின்றேன். பெரிய பாப்பா வீட்டுக் காம்பராவில் நடந்துகொண்டே இருந்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள், அரிசிப் பெட்டிக்குப் பின்னால் பார்த்தாள், சாக்குப் படுதாவைத் தூக்கிப் பார்த்தாள். ஒளிந்து பிடிக்கிற விளையாட்டு என்று நினைத்து, நானும் கதவுக்குப் பின்னால் போய் நின்று, கூ என்று குரல் கொடுத்தேன். அவள் ஓடி வந்து என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, திரும்பி அடுத்த மூலைக்குப் போனாள்.